38,160 இலவச ஆபரேஷன், 6 இன்ஃபெக்ஷன்: மதுரை அரவிந்த் ஆய்வை முழுசா பாப்போம்

இப்போ நம்ம ஊர்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் லென்ஸ் வெச்ச கண்ணு நாலு இருக்கும். முகாம்ல பேரு எழுதி, பஸ்ல ஏத்திட்டுப் போய், ஆபரேஷன் முடிச்சு கருப்புக் கண்ணாடியோட திரும்ப ஊர்ல இறக்கி விட்டுடுவாங்க, வீட்ல இருக்குறவங்க தலைக்கு ஊத்தாத, குனியாத, அடுப்புப் பக்கம் போகாதன்னு ஒரு மாசம் சட்டம் போடுவாங்க, அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க. கண்புரை ஆபரேஷன் அவ்ளோ சாதாரணமாயிடுச்சு. ஆனா இவ்ளோ சாதாரணமான ஆபரேஷன்லயும் கண் டாக்டருங்களுக்கு ஒரே ஒரு பயம் மட்டும் விட்டுப் போகவே போகாது. அதுக்கு பேரு எண்டாப்தல்மைடிஸ்.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சு, மறுநாள் கட்டு பிரிச்சு, நல்லா தெரியுதுன்னு சொல்லி வீட்டுக்குப் போன ஆளுக்கு மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ கண்ணு வலிக்க ஆரம்பிக்கும், செவக்கும், தெரிஞ்ச பார்வை மங்கும். கண்ணுக்குள்ள கிருமி போய் சீழ் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். உடனே கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி போடணும், தேவைப்பட்டா உள்ள இருக்குற ஜெல்லை எடுக்குற இன்னொரு பெரிய ஆபரேஷன் பண்ணணும், இவ்ளோ பண்ணியும் பல பேருக்கு பார்வை பழையபடி வராது, சில பேருக்கு கண்ணே போயிடும். ஆபரேஷனுக்கு முன்னாடி மங்கலா இருந்தாலும் தடவித் தடவியாவது நடமாடிக்கிட்டு இருந்த ஆளு, ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கண்ணு குருடு. அந்த ஒரு ஆளோட கதை போதும், அந்த ஊர்ல அடுத்த அஞ்சு வருஷத்துக்கு முகாமுக்கு ஒருத்தரும் பேரு கொடுக்க மாட்டாங்க.

இது எவ்ளோ பேருக்கு வருதுன்னு கேட்டா, ரொம்ப கம்மி. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில ஏற்கனவே 42,426 ஆபரேஷன்களை வரிசையா எண்ணி 2009ல ஒரு கட்டுரை போட்டிருந்தாங்க, அதுல 38 பேருக்கு இன்ஃபெக்ஷன், கிட்டத்தட்ட 0.09 சதவீதம். பத்தாயிரத்துல ஒம்பது. ஒரு ஆஸ்பத்திரிக்கு இது நல்ல கணக்குதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா இந்தக் கம்மிங்கறதுலதான் சிக்கலே இருக்கு, இந்த ஆய்வு விஷயத்துல எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா பட்டதும் அதுதான்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு டாக்டர் வருஷத்துக்கு 500 கண்ணு பண்றாருன்னு வைங்க. பத்தாயிரத்துக்கு ஒம்பதுங்கற கணக்குல அவரு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் இதை பாப்பாரு. அவரு ஏதாவது ஒரு புது பழக்கத்தை ஆரம்பிக்கிறாரு, புது சொட்டு மருந்தோ புது ஊசியோ. அஞ்சு வருஷமா ஒண்ணுமே வரலன்னா அது மருந்தாலயா, இல்ல சும்மா அதிர்ஷ்டமா? அவரால கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா நம்புவாரு. கண் மருத்துவத்துல ரொம்ப நாள் இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆளுக்கு ஒரு பழக்கம், ஒருத்தர் ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே சொட்டு மருந்து போடச் சொல்வாரு, ஒருத்தர் முடிஞ்சதும் வெள்ளை முழிக்குக் கீழ ஊசி போடுவாரு, ஒருத்தர் கண்ணைக் கழுவுற தண்ணியிலயே மருந்தைக் கலப்பாரு, எல்லாருமே எனக்கு இன்ஃபெக்ஷனே வந்ததில்லன்னு சொல்வாங்க. யாரும் பொய் சொல்லல. அவங்கவங்க பண்ற எண்ணிக்கைக்கு அது தெரியவே தெரியாது, அவ்ளோதான்.

ஓரளவு நல்ல ஆதாரம் இருந்தது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணுல விடுற பெட்டாடின் சொட்டு. 1991லயே அதுக்கு ஆய்வு வந்துடுச்சு. கிருமி பெரும்பாலும் வெளியிலேருந்து பறந்து வர்றது இல்ல, நோயாளியோட சொந்த இமையிலயும் இமை ஓரத்துலயும் குடியிருக்குறதுதான் உள்ள போகுது, அதனால அந்தப் பழுப்பு நிற மருந்தை விட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தா பாதி வேலை முடிஞ்சுது. விலையும் கம்மி.

அடுத்த பெரிய அடி ஐரோப்பாவுல. அங்க கண்புரை டாக்டருங்களோட சங்கம் சேர்ந்து 9 நாட்டுல 24 ஆஸ்பத்திரியில பதினாறாயிரத்துக்கும் மேல நோயாளிகளை வெச்சு ஒரு சோதனை நடத்துனாங்க. ஆபரேஷன் முடியுற நேரத்துல செஃப்யூராக்சிம்ங்கற ஆன்டிபயாடிக்கை துளியூண்டு கண்ணோட முன் அறைக்குள்ளயே செலுத்துறது, அதாவது கருவிழிக்குப் பின்னாடி இருக்குற தண்ணி இடத்துல. போடாதவங்களுக்கு இன்ஃபெக்ஷன் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு அதிகமா வந்துச்சு, வித்தியாசம் இவ்ளோ பெருசா தெரியவும் 2006லயே சோதனையை பாதியில நிறுத்திட்டாங்க, 2007ல முழு அறிக்கை வந்துச்சு.

அப்புறம் என்ன, உலகம் பூரா அன்னிக்கே மாறியிருக்கணும்ல? மாறல. செஃப்யூராக்சிம் பவுடரா வரும், அதை கண்ணுக்குள்ள போடுற அளவுக்கு கொண்டு வரணும்னா ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸ் அதை படிப்படியா கலக்கி நீர்க்க வைக்கணும். ஒரு படியில தப்பு நடந்தாலும் பல மடங்கு டோஸ் உள்ள போய் கண்ணைக் கெடுத்துடும், அப்படி நடந்த கேஸுங்க பல நாட்டுலேருந்து பதிவாகியிருக்கு. கலக்குற பாத்திரத்துல கிருமி இருந்தா இன்ஃபெக்ஷனைத் தடுக்கப் போட்ட ஊசியே இன்ஃபெக்ஷனைக் கொண்டு போய் சேர்க்கும். ஐரோப்பாவுலயே கண்ணுக்குன்னு தனியா தயாரிச்ச பாட்டில் 2012லதான் அனுமதி வாங்குச்சு. ஒரு நாள்ல நூத்துக்கணக்குல ஆபரேஷன் நடக்குற நம்ம ஊர் தியேட்டர்ல ஒவ்வொரு தடவையும் பவுடர் கலக்கிக்கிட்டு உக்காரச் சொல்றது நடக்குற கதையா? பேப்பர்ல ஜெயிச்ச வைத்தியம் தியேட்டர் வாசல்லயே நின்னு போச்சு. நோயாளி பாதுகாப்பு பத்தி பேசுறவங்க அடிக்கடி தவற விடுற இடம் இதுன்னு நெனைக்கிறேன். எது வேலை செய்யும்ங்கறது ஒரு கேள்வி, ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்த நர்ஸ் கையால தப்பே இல்லாம ஆயிரம் தடவை எது செய்ய முடியும்ங்கறது வேற கேள்வி.

இந்த இடத்துலதான் மதுரை உள்ள வருது.

அரவிந்த் கதை தமிழ்நாட்டுல பாதி பேருக்குத் தெரியும், அதனால சுருக்கமா சொல்றேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலேருந்து ரிட்டையர் ஆன பிறகு 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அப்புறம் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாண்டிச்சேரின்னு விரிஞ்சுது. காசு கட்டுறவங்களும் இலவசமா வர்றவங்களும் ஒரே டாக்டருங்ககிட்டதான் ஆபரேஷன் பண்ணிக்குவாங்க, காசுப் பிரிவுல வர்ற வருமானத்துல இலவசப் பிரிவு ஓடும். 1992ல ஆரோலேப்னு சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு, அதுவரைக்கும் வெளிநாட்டுலேருந்து கொள்ளை விலைக்கு வந்துக்கிட்டு இருந்த லென்ஸை இங்கயே செஞ்சு விலையை அடிச்சு நொறுக்குனாங்க.

தியேட்டர்ல வேலை நடக்குற விதம் வேற மாதிரி. ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள், ஒரு டேபிள்ல ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்த ஆளு கண்ணு கழுவி துணி போர்த்தி ரெடியா இருப்பாரு, மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்புனா அடுத்த கேஸ். இதுக்கு உயிர்நாடியே கிராமத்துலேருந்து எடுத்து அங்கயே ட்ரெய்னிங் கொடுத்து வெச்சிருக்குற பொண்ணுங்கதான், எல்லாரும் சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. வெளிநாட்டுல ஒரு கேஸ் முடிஞ்சதும் குப்பையில போடுற சில சாமான்களை இங்க சுத்தம் பண்ணி திரும்பப் பயன்படுத்துவாங்க. வெளிநாட்டு டாக்டருங்க முதல்ல பாத்தப்போ இவ்ளோ வேகத்துல, இவ்ளோ கம்மி சாமான்ல பண்ணா இன்ஃபெக்ஷன் எகிறும்னுதான் நெனைச்சிருப்பாங்க. அதுக்கு பதில்தான் மேல சொன்ன 0.09 சதவீதம். (பாண்டிச்சேரி அரவிந்த்ல ஒரு ஆபரேஷனுக்கு வெளியாகுற கார்பன் இங்கிலாந்துல ஆகுறதுல ஏறக்குறைய 5 சதவீதம்தான்னு 2017ல ஒரு கணக்கு வந்துச்சு, அது தனி கதை, ஆனா குப்பையைக் குறைச்சா கிருமி கூடும்ங்கற பயத்தோட சேர்த்துப் பாக்க வேண்டிய கதை.)

இதை விட முக்கியமானது பதிவு நோட்டு. யாருக்கு, எந்த டாக்டர், எந்த முறையில பண்ணாரு, நடுவுல என்ன சிக்கல் வந்துச்சு, அப்புறம் இன்ஃபெக்ஷன் வந்துச்சான்னு ஒவ்வொரு ஆபரேஷனும் பதிவாகும். ஆய்வுக்குன்னு ஆரம்பிச்ச பதிவு இல்ல இது, அன்றாட தரத்தைப் பாக்குறதுக்கு வெச்ச பதிவு. ஆனா இது இல்லன்னா நான் இப்போ சொல்லப்போற எதுவுமே நடந்திருக்காது.

டாக்டர் ஹரிப்ரியா அரவிந்த், அப்போ அரவிந்த் தலைவரா இருந்த டாக்டர் ஆர்.டி. ரவீந்திரன், கலிஃபோர்னியாவுலேருந்து டாக்டர் டேவிட் சாங், இவங்கல்லாம் சேர்ந்து எடுத்துக்கிட்ட கேள்வி: செஃப்யூராக்சிமுக்கு பதிலா மாக்சிஃப்ளாக்சசின் போட்டா என்ன? இது ஏற்கனவே சொட்டு மருந்தா எல்லா மெடிக்கல் ஷாப்லயும் இருக்குற மருந்து, பல வகை கிருமியை அடிக்கும், முக்கியமா திரவமாவே வருது, கலக்குற வேலை இல்ல. கெடாம இருக்க சேக்குற பிரிசர்வேடிவ் எதுவும் இல்லாம கண்ணுக்குள்ள போடுறதுக்குன்னே ஆரோலேப் சின்ன பாட்டில்ல தயாரிச்சுக் கொடுத்துச்சு. திறந்து, சிரிஞ்சுல உறிஞ்சி, ஆபரேஷன் முடியுறப்போ 0.1 மில்லி. முடிஞ்சுது.

முதல் ஆய்வு மதுரை ஆஸ்பத்திரியில மட்டும். 2014 பிப்ரவரி நடுவுலேருந்து 2015 ஏப்ரல் நடு வரைக்கும் 14 மாசம், மொத்தம் 1,16,714 கண்ணு. இதை மூணு கூட்டமா பிரிச்சுப் பாத்தாங்க. இலவசப் பிரிவுல மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க 37,777. அதே இலவசப் பிரிவுல மருந்து ஆரம்பிச்ச பிறகு ஆனவங்க 38,160. காசு கட்டுற பிரிவு 40,777, இவங்களுக்கு மருந்து கிடையாது.

ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. புது பாதுகாப்பு முதல்ல போனது இலவசப் பிரிவுக்கு.

இங்க ஒரு ஆட்சேபம் வரும்னு தெரியும், ஏழைங்க மேல சோதனை பண்ணிப் பாத்தாங்களான்னு. எனக்கும் முதல் தடவை படிக்கும்போது அந்தக் கேள்வி வந்துச்சு, நம்ம நாட்டுல மருந்து சோதனைங்களோட வரலாறு அப்படி, அதனால கேள்வி கேக்குறது தப்பே இல்ல. ஆனா இங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க. கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் போட்டா இன்ஃபெக்ஷன் குறையும்னு ஐரோப்பாவுல ஏற்கனவே தெரிஞ்சு போச்சு, மாக்சிஃப்ளாக்சசினை கண்ணுக்குள்ள போடுறது பாதுகாப்புதான்னு சின்னச் சின்ன ஆய்வுங்களும் வந்தாச்சு. இலவசப் பிரிவுல வர்றவங்க வயல் வேலை, மாட்டுக் கொட்டாய், புகை அடுப்புன்னு இருக்குறவங்க, புரை நல்லா முத்திப் போன பிறகுதான் வருவாங்க, திரும்பப் போய் படுக்குற இடமும் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. ஆபத்து யாருக்கு அதிகமா இருக்கலாமோ அவங்களுக்கு முதல்ல கொடுக்குறதுதான் எனக்கு நியாயமாப் படுது. இதுவே நேர் எதிரா நடந்திருந்தா, அதாவது காசு கட்டுறவங்களுக்கு மட்டும் போட்டுட்டு இலவசக் கூட்டத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா, அதுதான் நாட்டுல வழக்கமா நடக்குறது, யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டோம்.

சரி, ரிசல்ட். மருந்து இல்லாத இலவசக் கூட்டத்துல 29 பேருக்கு இன்ஃபெக்ஷன், 0.08 சதவீதம். மருந்து போட்ட இலவசக் கூட்டத்துல 6 பேர், 0.02 சதவீதம். மருந்து இல்லாத காசு கட்டுற கூட்டத்துல 29 பேர், 0.07 சதவீதம்.

இந்த மூணாவது எண்ணை கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்கலாம். காசு கட்டுனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஃபேகோ, அதாவது மெஷின் வெச்சு ரொம்பச் சின்ன ஓட்டை வழியா பண்றது. இலவசக் கூட்டத்துல கிட்டத்தட்ட எல்லாருக்குமே கையால பண்ற சின்ன வெட்டு முறை, வெட்டு ஃபேகோவை விடப் பெருசு, தையல் இல்லாம தானா மூடிக்கிற மாதிரி சுரங்கம் போட்டுப் பண்றது. வெட்டு பெருசா இருந்தா கிருமி நுழையுற வழியும் பெருசுன்னு யாரா இருந்தாலும் நெனைப்போம். ஆனா 14 மாசக் கணக்கு முடியும்போது, மெஷின் இல்லாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஒரு பைசா கட்டாம வீட்டுக்குப் போன ஆளுங்களுக்கு, காசு கட்டி ஃபேகோ பண்ணவங்களை விட இன்ஃபெக்ஷன் நாலுல ஒரு பங்கா இருந்துச்சு.

அடுத்தது செலவு. இங்கதான் ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்குறவங்க நிமிந்து உக்காரணும். 38,160 பேருக்கும் போட்ட மருந்துச் செலவு, கூடவே அந்த 6 பேருக்கு வைத்தியம் பாத்த செலவு, ரெண்டையும் கூட்டி ஒரு பக்கம் வெச்சாங்க. மருந்து இல்லாத கூட்டத்துல 29 பேருக்கு வைத்தியம் பாத்த செலவை இன்னொரு பக்கம் வெச்சாங்க. கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணு. ஆஸ்பத்திரி கைக்காசுலேருந்து கூடுதலா ஒண்ணும் போகல, நடுவுல இருபதுக்கும் மேல கண்ணு மிச்சம். அந்தக் கண்ணு போனதால ஒரு குடும்பம் இழக்குற கூலி, கூட அலையுற மகனோட லீவு, இதையெல்லாம் இந்தக் கணக்குல சேக்கவே இல்ல.

இதுல நோண்ட வேண்டிய இடங்களும் இருக்கு. இது சீட்டு குலுக்கிப் போட்டு ஆளைப் பிரிச்ச சோதனை இல்ல, முன்னாடி பின்னாடி கணக்கு. மருந்து ஆரம்பிச்ச அதே நேரத்துல வேற ஏதாவது மாறியிருந்தா? புது ஆட்டோகிளேவ் (நீராவியில கருவிங்களோட கிருமியைக் கொல்ற மெஷின்) வந்திருக்கலாம், சீசன் மாறியிருக்கலாம், எல்லாரும் நம்மள எண்ணுறாங்கன்னு தெரிஞ்சு கொஞ்சம் கூட கவனமா கை கழுவியிருக்கலாம். அதே கட்டடத்துல அதே காலத்துல மருந்து இல்லாம ஓடிக்கிட்டு இருந்த காசுப் பிரிவு இதுக்கு ஓரளவு பதில் சொல்லுது, அங்க 0.07தான், 0.02 எல்லாம் இல்ல. ஓரளவுன்னு சொல்றது ஏன்னா அந்தப் பிரிவு வேற மாதிரி ஆளுங்க, வேற ஆபரேஷன் முறை.

இன்னொரு சந்தேகம், இன்ஃபெக்ஷன் வந்த எல்லாரும் திரும்பி வந்தாங்களா? சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துல கண்ணு வலி வந்த பாட்டி மதுரைக்குத்தான் வரும்னு என்ன நிச்சயம், பக்கத்து டவுன்ல காட்டியிருக்கலாம், எங்கயுமே காட்டாம போயிருக்கலாம். அப்போ நெஜமான எண்ணிக்கை கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனா அந்த ஓட்டை முன்னாடி கூட்டத்துக்கும் இருக்கு பின்னாடி கூட்டத்துக்கும் இருக்கு, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒழுகுனா எண்ணிக்கை மாறுமே தவிர நாலுல ஒண்ணுங்கற விகிதம் பெருசா மாறாது. எனக்கு இது போதுமான பதில்னுதான் தோணுது, ஆனா கறாரான ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஏன் சீட்டு குலுக்குற சோதனை பண்ணலன்னு கேக்கலாம். பத்தாயிரத்துல ஏழெட்டு வர்ற விஷயத்துக்கு அப்படி ஒரு சோதனை வைக்கணும்னா பல ஆயிரம் பேர்கிட்ட சம்மதம் வாங்கி, பாதி பேருக்கு மருந்து இல்லாம விட்டு, அதுவும் ஐரோப்பாவுல மருந்து காப்பாத்துதுன்னு தெரிஞ்ச பிறகு விட்டு, சும்மா பாத்துக்கிட்டு இருக்கணும். செலவும் ஆகும், மனசாட்சியும் உறுத்தும்.

அவங்க அதுக்கு பதிலா பண்ணது வேற, எண்ணிக்கையைப் பெருசாக்குனாங்க. 10 அரவிந்த் ஆஸ்பத்திரி, 2014 ஜனவரியிலேருந்து 2016 மே வரைக்கும் நடந்த எல்லா கண்புரை ஆபரேஷனும், மொத்தம் 6,17,453. காசுப் பிரிவு இலவசப் பிரிவு ரெண்டும், ஃபேகோவும் கையால பண்றதும். மருந்து இல்லாத 3,02,815 பேர்ல 214 பேருக்கு இன்ஃபெக்ஷன், மருந்து போட்ட 3,14,638 பேர்ல 64. அதே 0.07, அதே 0.02. 2017ல இது வெளியாச்சு. கையால பண்ற முறையில 0.07லேருந்து 0.02க்கு வந்துச்சு, ஃபேகோவுல 0.07லேருந்து 0.01க்கு. ஒரே ஒரு ஆஸ்பத்திரியில ஏதோ ஆட்டோகிளேவ் மாறுனதாலன்னு இனிமே சொல்ல முடியாது, பத்து ஊர்ல ஒரே நேரத்துல அதிர்ஷ்டம் அடிக்காது. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், சுமார் 2000 பேருக்கு இந்த மருந்தைப் போட்டா ஒரு இன்ஃபெக்ஷன் தப்புது. ஒரு டாக்டரோட நாலு வருஷ வேலைக்கு ஒரு கண்ணு. தனி ஆளாப் பாத்தா கண்ணுக்கே தெரியாத லாபம், பத்து ஆஸ்பத்திரியோட நோட்டை ஒண்ணா விரிச்சாத்தான் தெரியுது.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு பகுதி, சிக்கலான கேஸுங்க. புரையை எடுக்கும்போது சில சமயம் லென்ஸ் வைக்க வேண்டிய மெல்லிசான பை கிழிஞ்சுடும், எவ்ளோ கைதேர்ந்த டாக்டரா இருந்தாலும் நடக்கும், புதுசா கத்துக்கிறவங்க கையில கொஞ்சம் கூடவே நடக்கும். பை கிழிஞ்சா கண்ணோட முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல தடுப்பு போயிடும், இன்ஃபெக்ஷன் ஆபத்து பல மடங்கு ஏறும். 2019ல 20 லட்சத்துக்கும் மேல ஆபரேஷன்களை எண்ணி அடுத்த கட்டுரை வந்துச்சு, அதுல சிக்கல் இல்லாத கண்ணுலயும் சரி, சிக்கல் ஆன கண்ணுலயும் சரி, மருந்து இன்ஃபெக்ஷனைக் குறைச்சிருந்துச்சு. மொத்தக் கணக்கு மறுபடியும் 0.07லேருந்து 0.02. மூணு கட்டுரை, ஒரு லட்சம், ஆறு லட்சம், இருபது லட்சம், எண் அசையவே இல்ல.

மருந்தால கெடுதல் வராதாங்கற கேள்வியை லேசா விட முடியாது, ஏன்னா வேற ஒரு மருந்து விஷயத்துல அது நடந்திருக்கு. அமெரிக்காவுல சில டாக்டருங்க வான்கோமைசினை இதே மாதிரி கண்ணுக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தாங்க, ரொம்ப வருஷமா, நல்ல பலன்னு நம்பிக்கிட்டு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரொம்ப அரிதா சில பேருக்கு விழித்திரை ரத்தக்குழாய் அடைச்சு ரத்தம் கசிஞ்சு பார்வை அடியோட போகுதுன்னு. 2017 அக்டோபர்ல அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டுச்சு. இன்ஃபெக்ஷன் எப்படி அரிதோ அதே மாதிரி மருந்தோட கெடுதலும் அரிதா இருக்கலாம், அதையும் லட்சக்கணக்குல எண்ணுனாத்தான் கண்டுபிடிக்க முடியும். அரவிந்த் எண்ணிக்கைங்க அந்த விதத்துலயும் முக்கியம், இவ்ளோ கண்ணுல போட்டும் அந்த மாதிரி எதுவும் வெளியே வரலங்கறது, ஐநூறு பேருக்குப் போட்டு ஒண்ணும் ஆகலன்னு சொல்றதுக்கு சமம் இல்ல.

இந்த ஊசி என்ன பண்ணாதுன்னும் சொல்லிடணும், இல்லன்னா ஏதோ மந்திரம் மாதிரி ஆயிடும். 2008ல விழுப்புரம் மாவட்டத்துல ஒரு இலவச முகாம் வழியா ஆபரேஷனுக்குப் போன 66 பேருக்கு பார்வை போச்சு, கோர்ட் கேஸ் வரைக்கும் போனது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இப்படி ஒரே நாள்ல ஒரே தியேட்டர்ல கும்பலா வர்ற இன்ஃபெக்ஷன் வேற ஜாதி. அதுல பெரும்பாலும் கண்ணைக் கழுவுற திரவத்துலயோ கருவியிலயோ கிருமி இருக்கும், கோடிக்கணக்குல உள்ள போகும், அந்தக் கிருமிக்கு மாக்சிஃப்ளாக்சசின் வேலை செய்யாமலும் இருக்கலாம், பூஞ்சையா இருந்தா சுத்தமா வேலைக்கு ஆகாது. பாட்டில் பேட்ச் நம்பரை எழுதி வைக்கிறது, ஆட்டோகிளேவ் ஒழுங்கா ஓடுச்சான்னு பட்டை வெச்சுப் பாக்குறது, ஒரு கேஸ் வந்த உடனே தியேட்டரை மூடுறது, இதெல்லாம் அப்படியே இருக்கணும். கடைசியில ஊசி போடத்தானே போறோம்னு பெட்டாடினுக்கு காத்திருக்குற நேரத்தைக் குறைக்கிற ஆளு இருந்தா அவரு இந்த ஆய்வைப் படிக்கவே இல்லன்னு அர்த்தம், ஏன்னா ரெண்டு கூட்டத்துக்கும் பெட்டாடின் உண்டு, அதுக்கு மேலதான் இந்த லாபம்.

இன்னும் தீராத விவாதம் ஒண்ணு இருக்கு. உள்ள மருந்து போட்டாச்சுன்னா அப்புறம் வீட்ல போடுற ஆன்டிபயாடிக் சொட்டு தேவையா? கை நடுங்குற, தனியா இருக்குற பெரியவங்களுக்கு அந்தச் சொட்டு ஒழுங்கா கண்ணுல விழுறதே அபூர்வம், பாதி கன்னத்துல ஓடும், பாட்டில் மூக்கு இமையில படும். தியேட்டர்லயே ஒரு துளி உள்ள போறது நோயாளியோட கையையோ பேரனோட ஞாபகத்தையோ நம்பி இல்ல, இந்த முறையோட பெரிய பலம் அதுன்னு நான் நெனைக்கிறேன். ஆனா டாக்டர் சொட்டு எழுதிக் கொடுத்தா போட்டுத்தான் ஆகணும், வீக்கத்துக்கு கொடுக்குற ஸ்டீராய்டு சொட்டு வேற விஷயம், அதை நீங்களா நிறுத்தாதீங்க.

வீட்ல யாருக்காவது ஆபரேஷன் நாள் குறிச்சிருந்தா, முடியும்போது கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் போடுவீங்களான்னு டாக்டர்கிட்ட தாராளமா கேக்கலாம், கோவிச்சுக்க மாட்டாங்க. அதை விட முக்கியம் அப்புறம் வர்ற முதல் ரெண்டு வாரம். முதல் நாள் லேசா உறுத்துறது, தண்ணி வர்றது சகஜம். ஆனா நல்லா இருந்த கண்ணு திரும்ப வலிக்க ஆரம்பிச்சா, செவப்பு கூடுனா, நேத்து தெரிஞ்சது இன்னிக்கு மங்கலா தெரிஞ்சா, மெடிக்கல் ஷாப்ல சொட்டு வாங்கிப் போட்டுப் பாக்குறது, அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு இருக்குறது, தாய்ப்பால் விடுறது எதுவும் வேண்டாம். ராத்திரியா இருந்தாலும் ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் ஆபரேஷன் பண்ண இடத்துக்கே போன் போட்டுட்டு கெளம்பிடுங்க, டிஸ்சார்ஜ் சீட்டையும் போட்டுக்கிட்டு இருக்குற சொட்டு பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு.